சம்மந்தி வாயில வராத பேர்

எண்ட பேரண்ட பேர அவண்ட வாப்பும்மா, வாப்பாவப் பெத்தவ, எண்ட சம்மந்தி, இண்டைக்கு வரைக்கும் வாயால சொன்னதில்ல. நாக்கில தேனத் தடவிவிட்டுக் கேட்டாலும் சொல்ல மாட்டா. அவ சொல்லாம இருக்க இருக்க எனக்குச் சந்தோசம் கூடிக்கொண்டுதான் போகுது. அது ஏன் எண்டு சொல்லத்தான் இப்ப வாயத் திறந்திரிக்கன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியா. நான் சொல்லச் சொல்ல எண்ட மகள்தான் எழுதுறாள். அவளுக்கு இதில பாதிக்கு விருப்பமில்ல, ஏனெண்டா நான் ஏசப்போறது அவட மாமியார. ஒண்டையும் குறைக்காம எழுது எண்டு சொல்லித்தான் தொடங்கினன். குறைச்சா வேற ஆளக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேப்பன் எண்டும் சொல்லிரிக்கன்.

எங்கட வீடு கல்முனையில. சம்மந்திட வீடு மருதமுனையில. பஸ்ஸில ஏறி இருக்க முதல் இறங்கிற தூரம். கிட்ட இரிக்கிறதுதான் வினையாப் போன. கோமாரி, பொத்துவில் பக்கம் சம்மந்தம் செஞ்சிருந்தா பெருநாளைக்குப் பெருநாள் மொகத்தப் பாத்து ஸலாம் சொல்லிட்டுப் போயிருக்கலாம். இவ நினைச்ச நேரத்தில வந்து இறங்குவா. அதிலயும் எங்கட பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும், பொண்ணுக்கு நாங்க வீட்டக் கட்டிக் குடுக்கிற, மாப்பிள்ளை வந்து இருக்கிற. சம்மந்திக்கு அதுவே முதல் எரிச்சல். பெத்து வளத்த மகன் காலையில எழும்பி எண்ட கையால தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறானே எண்டு. தேத்தண்ணி நல்லா இரிக்கிம்மா எண்டு அவர் ஒரு நாள் தாய்க்கு முன்னால சொல்லிட்டார். அண்டைக்கு அவட மொகத்தப் பாக்கணுமே.

மகளுக்குக் கலியாணம் முடிஞ்சு பத்து வருசத்துக்கு மேல புள்ள இல்ல. அது எங்கட வீட்டுக் கவலை. அந்தக் கவலையில உப்பும் புளியும் போட்டு ஊருக்குப் பரிமாறினது எண்ட சம்மந்தி. ஒரு நாள் வந்தா, வளவுக்குள்ள எண்ட கோழி அடை கிடக்கிறதப் பாத்தா, "இந்த வீட்டில கோழியாவது அடை கிடக்குதே மச்சி" எண்டு சொன்ன. மகள் அடுப்படியில, குசினிக்குள்ள நிக்கிறாள். அவளுக்குக் கேக்கணும் எண்டுதான் அவ்வளவு சத்தமாச் சொன்ன. நான் விடல்ல. "கோழியில குறை ஒண்டும் இல்ல மச்சி, சாவல்தான் உங்கட பக்கத்தில இருந்து வந்த" எண்டு சொன்னன்.

இந்த இடத்தில மகள் எழுதிறத நிப்பாட்டிட்டாள். மருமகன் வாசிப்பாராம். வாசிக்கட்டும். அவருக்கு இதெல்லாம் தெரியாத கதையா.

மறுகா, கொஞ்ச நாள் போன பிறகு, அக்கரைப்பற்றுப் பக்கம் மகனுக்கு ரெண்டாந்தாரமா ஒரு பொண்ணு பாக்கிறா எண்டு காதில விழுந்த. மருமகன் அதுக்கு ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல. அவர் அப்பிடித்தான். வாயத் திறந்தா உள்ளுக்க இரிக்கிற காத்துப் போயிரும் எண்டு பயந்த மாதிரி இரிப்பார். நல்ல மனுசன், மகளக் கண்ணாப் பாக்கிற, ஆனா கதை வராது. எனக்கு அது பெரிய கஷ்டம். ஒரு வீட்டில ரெண்டு பேர் இரிந்தா ஒருத்தர் கதைக்கணும், மற்றவர் பதில் சொல்லணும். நான் கதைச்சு நானே பதிலும் சொல்லி அந்தப் பத்து வருசத்தக் கழிச்சன்.

இப்ப அந்த மையத்து வீட்டுக் கதைக்கு, செத்த வீட்டுக் கதைக்கு வாறன். அங்கதான் எல்லாம் தொடங்கின.

சம்மந்திட காக்கா, அவட கூடப் பிறந்த அண்ணன், மௌத்தாகிட்டார். அவர நான் குறை சொல்ல மாட்டன். கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு மருமகன் பள்ளிக்கூடம் போற பொடியன். தண்ணி இழுத்துக்கொண்டு போகக்குள்ள, ஒரு கையால தென்னையையும் மற்றக் கையால பொடியண்ட தலைமயிரையும் புடிச்சு இழுத்தெடுத்தது அந்த மாமாதான். அந்தக் குடும்பத்தில நான் குறை சொல்ல ஏலாத ஒரே ஆள் அவர், அவரையும் அல்லா எடுத்துக்கிட்டான்.

நானும் போனன். போகாம இருக்க ஏலுமா. பொம்புளைகள் எல்லாம் பாயில இரிந்து யாசீன் ஓதிக்கொண்டு இரிக்காங்க. எனக்குக் கிதாபு பாத்து ஓதத் தெரியா, மனப்பாடமாத் தெரிஞ்சத ஓதிக்கொண்டு ஒரு மூலையில இரிந்தன். மகள் எங்களோட வரல்ல. காலையில தலை சுத்துது எண்டு சொல்லி, டொக்டரக் காட்டிட்டு வாறன் எண்டவள். அப்பதான் எண்ட இடுப்பில டெலிபோன் அடிச்ச. எனக்கு அதில பச்சைய அமத்த மட்டும்தான் தெரியும். அமத்திக் காதில வைச்சன். மகள் அழுறாள். அழுது அழுது சொல்றாள், உம்மா, ரெண்டு மாசமாம். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க, கண்ணூறு பட்டிரும், புள்ள வயித்தில நிலைச்ச மறுகா சொல்லுவம் எண்டு.

நான் சிரிச்சிட்டன்.

எண்ட சிரிப்பு சின்னச் சிரிப்பு இல்ல. எண்ட மாப்பிள்ளை, மகள்ட வாப்பா, உசிரோட இரிக்கக்குள்ள சொல்லுவார், நீ சிரிச்சா வயல் வட்டையில வெள்ளாமைக்கு இறங்கின குருவி எல்லாம் எழும்பிப் போகும் எண்டு. அந்தச் சிரிப்பு. வாயப் பொத்துறதுக்கு முதல் வெளியில போயிட்டுது. யாசீன் ஓதிற சத்தம் அப்பிடியே நிண்டு போன. எல்லாத் தலையும் என்னப் பாக்குது. மையத்துக்குப் பக்கத்தில இரிந்த சம்மந்தி தலைய மெதுவாத் திருப்பி என்னப் பாத்த. நான் என்ன சொல்ற. சொல்லாதீங்க எண்டு மகள் சொல்லிட்டாள். முந்தானைய வாயில திணிச்சுக்கொண்டு எழும்பி வெளியில ஓடினன்.

வெளியில போகக்குள்ள மருமகனக் கண்டன். மையத்துக்கு அந்தப் பக்கம், ஆம்புளைகளுக்கு நடுவில, மாமாட தலைமாட்டில இரிந்தவர், தோள்ல கிடந்த துண்டால மொகத்த மூடிக்கொண்டு, தோள் ரெண்டும் குலுங்கக் குலுங்க எழும்பிப் பின்னால போறார். தாய் ஓடிப் போய் ஒரு கோப்பையில தண்ணி குடுத்து, முதுகத் தடவிவிட்ட. பாத்தவங்க எல்லாம் சொன்ன, இழுத்தெடுத்த மாமா எண்டு எவ்வளவு உருக்கமா அழுறான் எண்டு.

அதுக்குப் பிறகு சம்மந்தி ஊரெல்லாம் ரெண்டு கதை சொல்லித் திரிஞ்ச. ஒண்டு, எண்ட மகன் மாமாவுக்கு அழுத அழுகைய ஒருத்தரும் அழல்ல. மற்றது, அவண்ட மாமியார் மையத்துக்கு முன்னால நிண்டு சிரிச்ச. ரெண்டையும் சேத்துச் சேத்துத்தான் சொல்லுவா, சோறும் கறியும் மாதிரி.

மாசம் கூடி, மகள்ட வயிறு வெளியில தெரிஞ்ச பிறகு விசயத்தச் சொன்னம். இதுக்குத்தான் சிரிச்சன் மச்சி எண்டு நான் ஆள் அனுப்பிச் சொல்லியும் பாத்தன். அவ நம்பல்ல. நம்பினாலும் விடுற ஆள் இல்ல. சந்தோசமெண்டா றோட்டில போய்ச் சிரிச்சிரிக்கலாமே எண்டு பதில் வந்த. அண்டையோட மச்சி எண்டு கூப்பிடுறதும் நிண்ட. வீட்டுக்கு வந்தா மகனோட கதைப்பா, மகளோட கதைப்பா, பூனையோடயும் கதைப்பா. எனக்கு ஒரு சொல் இல்ல. நானும் பூனையப் பாத்துத்தான் பதில் சொல்லுவன்.

பேரன் பிறந்தான். மாஷா அல்லா, தலை நிறைய மயிரோட. அண்டைக்கே பேர்ப் பிரச்சினையும் பிறந்த.

நான் முதலே மனசுக்குள்ள ஒரு பேர வைச்சிரிந்தன். இஸ்ஹாக். அது எங்க இருந்து வந்த எண்டா, ஒரு நோன்பு மாசம் பள்ளி ஸ்பீக்கரில மௌலவி பயான் சொல்றார், நான் நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவுறன். இபுறாகீம் நபிட வீட்டுக்கு மலக்குமார், அந்த வானவர்மார், மனுசர்ட கோலத்தில விருந்தாளியா வாறாங்க. அவர் ஒரு கண்டுக்குட்டியச் சுட்டுக் கொண்டுவந்து வைக்கார். அவங்கட கை சாப்பாட்டுப் பக்கம் போகுதில்ல. கிழவராப் போன மனுசன் பயந்து போய் இரிக்கார். அவர்ட பொஞ்சாதி பக்கத்தில நிக்கிறாவாம், வயசான மனுசி, புள்ள இல்லாதவ. அவ சிரிச்சிட்டாவாம். பிறகு அவவுக்கு இஸ்ஹாக் எண்டு ஒரு புள்ள கிடைக்கும் எண்டு நல்ல செய்தி சொல்லப்படுது. நான் துருவலைய வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டு இரிந்தன். விருந்தாளிக்கு முன்னால சிரிச்சிரிக்கா, அல்லாவே அதக் குர்ஆனில சொல்லிரிக்கான், ஒருத்தரும் அவவ ஏசல்ல. அப்ப எண்ட சம்மந்தி யாரு என்ன ஏசுறதுக்கு.

அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச. அந்தப் பேருக்குக் கருத்து என்ன எண்டெல்லாம் நான் யோசிக்கவே இல்ல. அந்தக் காலத்தில யாரு கருத்துப் பாத்த. எங்கட ஊரில நபிமார்ட பேர் இல்லாத வீடு இல்ல, ஆனா ஒரு பேரையும் வந்த மாதிரி நாங்க வைச்சிரிக்கல்ல. இபுறாகீம் எண்டு வைப்பாங்க, கூப்பிடுறது இபுறாலெவ்வை. இஸ்மாயீல் இஸ்மாலெவ்வையாப் போவார். ஆதம் எண்டா ஆதம்பாவா. யூசுப் உசுப்பு. இஸ்ஹாக்கயும் நாங்க இசாக்கு எண்டுதான் சொல்லுவம், சேர்ச்சுக்குப் போற வேதக்காரச் சனம் ஈசாக்கு எண்டும், பேர் ஒண்டுதான். சோறக் குழைச்சு உருட்டுற மாதிரி எங்கட வாய்க்கு ஏத்த உருண்டையா உருட்டிக்கிட்டம். இப்ப உள்ள புள்ளைகள் டெலிபோனத் தட்டித் தட்டிப் பேர் தேடுதுகள். பக்கத்து வீட்டில இருக்கப்படாது, வாயில நுழையப்படாது. போன வருசம் ஒருத்தி அவட புள்ளைட பேர எனக்குச் சொன்ன. அவ தும்மினா எண்டு நினைச்சு நான் யர்ஹமுக்கல்லா எண்டு சொல்லிட்டன்.

சம்மந்தி கேட்டது வேற பேர். மௌத்தாப் போன காக்காட பேர். அந்தப் பேர நான் இங்க சொல்லல்ல. நான் ஒத்துக்கல்ல, அதுக்கும் காரணம் இரிக்கி. ஆம்புளப் புள்ள, குழப்படி செய்வான், நாங்க ஏசத்தான் வேணும். ஏசுற நேரமெல்லாம், எண்ட காக்காட பேரச் சொல்லி ஏசுறாளுகள் எண்டு இவ வந்து நிப்பா. புள்ளைய வளக்கிறதா, அவட காக்காவ வளக்கிறதா.

அவவுக்கு ஒரு மகள் இரிக்காள், மருமகண்ட தங்கச்சி. மதரசாவில ஏழு வருசம் ஓதி ஆலிமாவா வந்தவள். தாயப் போல இல்ல, நல்ல புள்ள, ஆனா தாய் சாவியக் குடுத்தா ஓடுவாள். அவள் வந்து மரியாதையாத்தான் சொன்னாள், மாமி, அது யஹூதிமார், யூதர், வைக்கிற பேர், அங்க யுத்தத்தில அவங்க புள்ளைகளுக்குச் செய்யிறத ஒவ்வொரு நாளும் டெலிபோனில பாத்துக்கொண்டு இரிக்கம், இந்த நேரத்திலயா அந்தப் பேர் எண்டு. நானும் பாக்கிறன் புள்ள, பாத்துட்டுச் சோறு இறங்காம இரிக்கிறன், ஆனா நபிமார்ட பேர ஏன் நாம அவங்களுக்கு விட்டுக்குடுக்கணும் எண்டு கேட்டன்.  அடுத்த நாள் தடிச்ச அறபுக் கிதாபு ஒண்டோட வந்தாள். சொல்லுக்குக் கருத்துப் பாக்கிற கிதாபாம். தாயும் பின்னால வந்து கதவடியில நிண்ட.

இஸ்ஹாக் எண்ட பேர் சுஹ்க் எண்ட சொல்லில இருந்து வருதாம். நரகத்துக்காரரப் பாத்து, தூரமாப் போங்க எண்டு சொல்ற சொல்லாம் அது.

 அப்பிடி ஒரு பயம் எனக்கு வந்ததில்ல. பத்து வருசமா வா மகன் வா எண்டு துஆக் கேட்டு வந்த புள்ளைக்கு, தூரப் போ எண்டா பேர் வைக்கிற. பேர்ட கருத்து புள்ளையில வந்து இரிக்கும் எண்டு நாங்க நம்புறம். சம்மந்தி கதவில சாஞ்சுகொண்டு, சேலைட ஓரத்த விரலில சுத்திக்கொண்டு நிக்கிறா. அந்தச் சுத்திற விரலப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்ச.

சரி, மற்ற நபிமார்ட பேரையும் பாரு புள்ள எண்டு சொன்னன். பாத்தாள். யஃகூப் எண்டா ஆண் கவுதாரியாம். யூசுப் கவலையில இருந்து வருதாம். மூஸா எண்டா சவரக்கத்தியாம். எனக்கு அந்தப் பயத்துக்குள்ளயும் சிரிப்பு வந்திட்டுது. முடி இறக்கிற அண்டைக்குச் சவரக்கத்தி எண்டு பேரக் கூப்பிட்டா முடி வெட்டிற ஒஸ்தா அவண்ட பெட்டியத் திறந்து தேடப் போறான். மறுகா ஒண்டு கேட்டன். "அப்ப நபிமாரப் பெத்த உம்மாமாரெல்லாம் கருத்துத் தெரியாமத்தான் பேர் வைச்சாங்களா புள்ள?"

அவள் கிதாப மூடிக்கொண்டு போயிட்டாள். ஆனா எனக்கு நிம்மதி இல்ல. புள்ளைய மடியில வைச்சிக்கொண்டு, வாயில அந்தப் பேர் வந்து வந்து போகுது, வெளியில விடப் பயமாக் கிடக்கு. வேற பேர் வைப்பம் எண்டு மகளுக்குச் சொல்லிட்டன். அவ்வளவுக்கு நான் தோத்துத்தான் போயிரிந்தன். சம்மந்திக்கு அது தெரிஞ்சிரிந்தா ஊருக்கே வட்டிலப்பம் அவிச்சுக் குடுத்திரிப்பா.

ஏழாம் நாள் அகீகா. ரெண்டு கிடாய் அறுத்து, வெளியில ஆம்புளைகள் கறி சமைக்காங்க. உள்ளுக்க பொம்புளைகள். ஒஸ்தா வந்து முடிய இறக்கிட்டான். பேரன் மொட்டைத் தலையோட, சந்தனத்தோட மருமகண்ட கையில இரிக்கான். தகப்பன்தான் காதில பேரச் சொல்லணும். என்ன பேர் எண்டு அவர் ஒருத்தருக்கும் சொல்லல்ல, கேட்டா பாப்பம் எண்டுறார். அந்த நேரம் பாத்துத்தான் சம்மந்தி வாறா, ஆலிமாட கையப் புடிச்சு இழுத்துக்கொண்டு. எல்லாருக்கும் நடுவில நிண்டு, மகளப் பாத்துச் சொல்றா, "சொல்லு. உஸ்தாத் சொன்னத இவங்களுக்கும் சொல்லு."

ஆலிமா நிலத்தப் பாத்துக்கொண்டு சொன்னாள். நான் கேட்ட கேள்வி மண்டைக்குள்ள நிண்டுதாம். ஓதித் தந்த உஸ்தாதிட்டப் போய்க் கேட்டிரிக்காள். அவர் ஏசினாராம். அது அறபுச் சொல்லே இல்ல, எபிரேயம் எண்டு சொல்ற இப்றானிப் பாசைச் சொல்லு, அந்த நபிமார்ட குடும்பம் அந்தக் காலத்தில கதைச்ச பாசை, அறபுக் கிதாபுக்குள்ள தேடினாச் சவரக்கத்திதான் கிடைக்கும் எண்டாராம். நான் தேடினது பிழை மாமி எண்டு என்னப் பாத்துச் சொன்னாள். எவ்வளவு நல்ல புள்ள எண்டு பாருங்க, அந்த வயித்தில எப்பிடிப் பிறந்தாளோ.

அப்ப சரியான கருத்து என்ன எண்டு ஒருத்தி கேட்டா. யஃகூப் எண்டா குதிக்கால், கூடப் பிறந்தவண்ட குதிக்காலப் புடிச்சிக்கொண்டு பிறந்தவராம். மாமியார் வீட்டில வந்து புடிச்சிக்கிட்ட எங்கட ஊர் மாப்பிள்ளைமாருக்கெல்லாம் பொருந்தும் எண்டு நான் சொன்னன், பொம்புளைகள் சிரிச்சிட்டாங்க. யூசுப் எண்டா இன்னும் கூட்டித் தருவான் எண்டு கருத்தாம். சம்மந்தி உடனே, பூனை இல்லாததால சுவரப் பாத்துச் சொல்றா, ஒண்டக் காணவே பத்து வருசம் போயிட்டுது, இதில கூட்டித் தருவானாம் எண்டு. எண்ட மகள் எழும்பி அறைக்குள்ள போயிட்டாள்.

இஸ்ஹாக்குக்குச் சொல்லு எண்டு தாய் உலுக்கினா. ஆலிமா மெதுவாச் சொன்னாள்.

"சிரிக்கிறான் எண்டு கருத்து, மாமி."

சம்மந்தி இப்பதான் என்ன நேராப் பாத்த. அத்தனை மாசத்துக்குப் பிறகு. "கேட்டீங்களா எல்லாரும். எண்ட காக்காட மையத்தில சிரிச்ச சிரிப்ப எண்ட பேரப்புள்ளைக்குப் பேரா வைக்கப் பாத்திரிக்கா. கருத்துத் தெரிஞ்சுதான் செஞ்சிரிக்கா."

சத்தியமா எனக்குத் தெரியா. தெரிஞ்சிரிந்தா ஏழு நாளும் பயந்து கிடந்திரிப்பனா. தூரப் போ எண்டு நினைச்சு நான் கைவிட்ட பேர, சிரிக்கிறான் எண்டு கழுவித் துடைச்சு எண்ட கையில கொண்டுவந்து தந்தது அவ. என்ன ஏசுறதுக்கு எண்டு மருதமுனையில இருந்து சுமந்து கொண்டுவந்து தந்தா. நான் என்ன செய்ய. சிரிச்சிட்டன். அதே சிரிப்பு. வெளியில கிடாய்க் கறி கிளறினவங்களும் எட்டிப் பாத்தாங்க.

அவவுக்கு மொகம் செவந்து போன. ஆனா அவ லேசுப்பட்ட ஆள் இல்ல. "மூஸாக்குச் சொல்லு" எண்டா மகளப் பாத்து. தண்ணியில இருந்து இழுத்தெடுத்தவன் எண்டு கருத்தாம், எகிப்து, அந்த மிஸ்ர் தேசத்துச் சொல் எண்டும் சில பேர் சொல்றாங்களாம், ஆனா அவங்கட வேதத்தில அப்பிடித்தான் இரிக்காம் எண்டு ஆலிமா சொன்னாள்.

 அந்த வீட்டுக்குள்ள இரிந்தவங்களில கடலுக்கு ஆளக் குடுக்காதவங்க எத்தனை பேர். தண்ணியில இருந்து எடுக்க ஏலாமப் போனவங்கட பேரெல்லாம் ஒவ்வொருத்தர் மொகத்திலயும் வந்து நிண்ட. சம்மந்தி மகண்ட பக்கத்தில போய் நிண்டா. குரல் மாறிட்டுது. இந்தப் பேர வை மகன் எண்டா. உன்ன இழுத்தெடுத்த கைக்கு இதவிட என்ன குடுக்கப் போறாய் எண்டு கேட்டா.

 உள்ளதச் சொல்லணும், அண்டைக்கு அவ கேட்டதில ஒரு பிழையும் இல்ல. நான் வாய மூடிட்டன். என்னத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு. பேர் போயிட்டுது எண்டுதான் நினைச்சன்.

மருமகன் புள்ளைட மொட்டைத் தலைய ஒரு கையால தாங்கிக்கொண்டு நிண்டார். மறுகா வாயத் திறந்தார்.

"தண்ணியில இருந்து மாமா எடுத்தது என்னைய. இவன இல்ல உம்மா."

தாய் என்னமோ சொல்ல வந்தா. அவர் விடல்ல. பத்து வருசமாச் சேத்து வைச்ச கதை போல, நிக்காம வந்த.

"டொக்டரிட்ட இருந்து எண்ட பொஞ்சாதி முதல்ல எனக்குத்தான் கோல் எடுத்த. மாமாட தலைமாட்டில இரிந்துதான் சிரிச்சன். அடக்க ஏலாமத் துண்டால மொகத்த மூடிக்கொண்டு பின்னால போனன். நீங்க அழுறன் எண்டு நினைச்சுத் தண்ணி தந்தீங்க. மாமா இரிந்திருந்தா அவரும் சிரிச்சிரிப்பார். மாமிய மட்டும் ஏசாதீங்க."

சொல்லிட்டுக் குனிஞ்சார். புள்ளைட காதில வாய வைச்சார். மறுகா எல்லாருக்கும் கேக்கச் சொன்னார், இஸ்ஹாக் எண்டு.

எண்ட மகன் அழுத அழுகை எண்டு அவ எத்தனை வீட்டில, எத்தனை கலியாணத்தில சொல்லிரிப்பா. கேட்டவங்கள்ள பாதிப் பேர் அந்தப் பாயில இரிந்தாங்க. ஒருத்தி வாயப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினா. ஒருத்தி இருமினா. நான் இந்த முறை சிரிக்கல்ல. சிரிச்சா அவ அதையே புடிச்சிக்கொண்டு அழுதிரிப்பா, சபை அவட பக்கம் போயிரிக்கும். அந்தளவு புத்தி எனக்கு இரிக்கி. குனிஞ்சு தட்ட அடுக்கினன், ஆனா உள்ளுக்க பெருநாள்.

அவ ஹேன்ட்பேக்க எடுத்துக்கொண்டு நேரா வாசலுக்குப் போனா. சோத்தில ஒரு பருக்கை தொடல்ல. இறைச்சிப் பங்கு அனுப்பினம், திருப்பி அனுப்பினா. நான் விடாமத் தலைக்கறி ஆக்கி அனுப்பினன். அது திரும்பி வரல்ல, சட்டியும் இண்டைக்கு வரைக்கும் திரும்பி வரல்ல. அது எண்ட நல்ல சட்டி.

ரெண்டு மாசம் போனது. பிறகு வரத் தொடங்கினா, பேரப்புள்ளைய எவ்வளவு காலம் பாக்காம இருக்க ஏலும். ஆனா பேரச் சொல்ல மாட்டா. அதுக்கு அவ ஒரு வழி கண்டுபுடிச்சா. வாசலில செருப்பக் கழட்டக்குள்ளயே எனக்குக் குத்துறதுக்கெண்டு சத்தமாக் கேப்பா, "எங்க அந்தச் சிரிப்பு?" எண்டு. சிரிப்புக்குப் பால் குடுத்தாச்சா. சிரிப்புக்கு மூக்கு ஒழுகுதாமே, தடிமனாமே. சிரிப்ப இங்க தா, தூக்குவம். மையத்து வீட்ட நான் மறக்கப்படாது எண்டுதான் அப்பிடிச் சொல்றா. ஒவ்வொரு சொல்லிலயும் கடுகு வெடிக்குது. புள்ளைக்கு இப்ப நடை வந்திட்டுது. நாங்க இசாக்கு இசாக்கு எண்டு கத்தினாலும் திரும்பமாட்டான், வாப்பும்மா வந்து சிரிப்பு எண்டாப் போதும், விழுந்து விழுந்து ஓடுவான்.

யோசிச்சுப் பாருங்க. நான், மகள், மருமகன், ஊர்ச்சனம், எல்லாரும் ஒரு தூரத்துப் பாசைச் சொல்லச் சொல்லித்தான் அவனக் கூப்பிடுறம். அந்தப் பேர எங்கட பாசையில, கருத்தோட, ஒரு எழுத்துக் குறையாமக் கூப்பிடுறது எண்ட சம்மந்தி மட்டும்தான். பேர வாயில எடுக்க மாட்டன் எண்டு நிண்டவ ஒரு நாளைக்கு நூறு தரம் எடுக்கிறா.

இது அவவுக்கு இன்னும் வெளங்கல்ல. மகள் கேக்கிறாள், மாமிக்கு இத யாராவது வாசிச்சுக் காட்டினா என்ன செய்யிற எண்டு. ஒருத்தரும் வாசிச்சுக் காட்டிராதீங்க. வெளங்கிட்டுதெண்டா நிப்பாட்டிருவா.